ஜன்னலோரத்து டியூபுகள்

மார்ச் 3
இலைச்சாறு இன்றும் எண்பத்து நான்கு. ஊதாக் கரைசலில் சாற்றை விட்டு அரைமணி வைத்தால் நிறம் வெளுக்கும். எத்தனை சதவீதம் வெளுக்கிறதோ அத்தனை ஆன்டிஆக்சிடன்ட் வலு. எங்கள் ஆய்வகத்தில் எனக்கு முன் இதைச் செய்த சீனியர் அக்காவுக்கு அதே இலை முப்பத்திரண்டைத் தாண்டவே இல்லை. என் எண்ணைப் பார்த்ததும், “உனக்கு வேலை தெரியலம்மா” என்று சார் அவரிடம் எல்லார் முன்னாலும் சொன்னார். அக்கா வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம். வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது.

மார்ச் 4
கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது! தலைகால் புரியவில்லை.

மார்ச் 5
மதியம் ஒரு டியூபில் கரைசலை ஊற்றியதும் சார் கூப்பிட்டார். சாறு விட மறந்து ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் அதுவும் வெளுத்திருக்கிறது. எழுபத்தாறு. இலையே இல்லாமல் எழுபத்தாறா?
ஜன்னல். வெயில் பட்டாலே வெளுத்துவிடுகிறது — அதை இலையின் வலு என்று எழுதியிருக்கிறேன். ஒப்பிட வேண்டிய சாறில்லாத டியூபை ஊற்றிய உடனே அளந்துவிடுவேன்; மற்றதெல்லாம் அரைமணி ஜன்னலோரம். நிறம் மாறுவதைப் பார்க்க அழகாக இருக்குமாம்! அடிப்பாவி.
அக்கா ஒவ்வொரு டியூபுக்கும் அலுமினியத் தாள் சுற்றி அலமாரிக்குள் வைப்பார். “டியூபுக்குக் குளிருதாக்கா?” என்று கேட்டுச் சிரித்தவள் நான்தான்.

மார்ச் 6
இலைச்சாறு விட்டு, தாள் சுற்றி அலமாரியில் வைத்து மூன்று முறை. 32. 31. 32.
சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால்? அக்கா பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டது நான்தானே!

மார்ச் 7
சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கட்டுரையை நிறுத்தினார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா சொன்னார்:
“நீ ஜன்னல்ல வைக்கிறத நான் பாத்தேன். சொல்லியிருந்தா, பொறாமைல சொல்றாள்னு எல்லாரும் சொல்லியிருப்பீங்க.”
பார்த்தாராம். பார்த்துவிட்டும் வாயைத் திறக்காமல் போனாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 12
சாரே கூப்பிட்டு, அக்கா திரும்பி வந்திருக்கிறார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 19
இன்று பத்து டியூபுக்கும் தாள் சுற்றி அக்காவிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர், ஒன்றை மட்டும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.
“அடியில தாள் இல்ல. குளிரும்” என்றார்.
கழற்றி மறுபடி சுற்றினேன்.