என் ரத்தத்தில் உட்கருவைக் காணோம்

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். உங்கள் முழங்கால் இப்போதாவது படியேற விடுகிறதா? நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன்.

நேற்று வகுப்பில் விரல் நுனியை ஊசியால் குத்தி, ஒரு சொட்டு எடுத்துச் சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்து, அவரவர் ரத்த செல்லை வரையச் சொன்னார்கள். (அம்மாவிடம் ரத்தம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள், ஊரைக் கூட்டிவிடுவாள்.) செல்லுக்குள் வருவதையும் போவதையும் சவ்வு பார்த்துக்கொள்ளும், என்ன செய்வதென்று உட்கரு சொல்லும் என்றுதான் படித்திருந்தேன். என் சிவப்பணு ஒன்றில்கூட உட்கருவைக் காணோம். அகப்பட்ட ஒரே வெள்ளையணுவிலோ அது மூன்று துண்டு போலக் கிடந்தது. ஏதோ பெரிய வியாதி என்று எனக்குக் கைகால் ஓடவில்லை.

ஆய்வகத்து அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளையணு அப்படித்தாம்மா இருக்கும். சிவப்பணு உட்கருவைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் வேலைக்கே கிளம்பும். மூச்சுக்காத்தைச் சுமக்க உள்ள இடம் வேணும்ல?"

"அப்ப என்ன செய்யணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

"கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாம் வாங்கி வச்சிக்கிட்டுத்தான் வரும்."

எனக்கு இன்னும் புரியவில்லை, அப்பா. நானும் கிளம்பும்போது எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தேன். அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்: ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எவ்வளவு தண்ணீர்? சாயம் போகும் துணியை எதோடு ஊறவைக்கலாம்? காய்ச்சலோடு தலைக்குக் குளிக்கலாமா?

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். காய்ச்சல் அவ்வளவாக இல்லை. சும்மாதான் கேட்டேன்.

உங்கள் மகள்