மஞ்சள் துணி கட்டிய வழி

பத்து காஜா,
நவம்பர் 1982

அன்பு மகன் சதாசிவத்துக்கு, அம்மா ராக்காயி சொல்ல உன் தங்கை நவமணி எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் சுகம், சிங்கப்பூரில் நீயும் மருமகளும் பேரனும் நலந்தானே, மழைநாளில் பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டுங்கள். பள்ளி விடுமுறையில் நீ கூட்டாளிகளோடு குதிரைச் சவாரிக்கு வருவது அப்பாவுக்குப் பெருமை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள்தான், கடிக்காது. முதல் நாள் பழைய ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் சாலை, இரவு கூலியாட்கள் விட்டுப்போன காலி லயத்து வீட்டில் தங்கல், மறுநாள் ஈயம் தோண்டிய பழைய குட்டைகளைத் தாண்டி மலையடிவாரம். தொடை உரசிப் புண்ணாகும், நீளக் கால்சட்டை போடு, அட்டைக்குப் புகையிலை கொண்டுவா. வழி காட்ட அப்பா முன்னால் போவார், நீ அவர் பின்னாலேயே வா.

அண்ணே, இதுவரை எழுதியது அப்பா பக்கத்தில் இருக்க அம்மா சொன்னது. இனி நானாக எழுதுகிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள், அப்பா இருமினால் என் கை நின்றுவிடுகிறது. நீ வராதே அண்ணே. குட்டைகளுக்கு நடுவே கெட்டியான மண் ஒரே ஒரு வழிதான், மற்ற இடமெல்லாம் மேலே வெள்ளை மணல், கீழே சேற்றுக்கூழ். வழி தெரிய அப்பா மரத்துக்கு மரம் மஞ்சள் துணி கட்டியிருந்தார். பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் அதை முனியாண்டிக்கு நேர்ந்து கட்டியது என்று நினைத்து, ஆடி மாதம் கண்ட மரத்திலெல்லாம் ஆளுக்கொரு துணி கட்டிவிட்டார்கள். எது வழி, எது வேண்டுதல் என்று இப்போது அப்பாவுக்கே தெரியவில்லை. போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாகப் பத்துமலை மாமா முன்னால் போனார். துணியைப் பார்த்துத்தான் போனார். குதிரையோடு சேற்றில் புதைந்த மாமாவைக் கயிறு போட்டு இழுத்துவிட்டார்கள், இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். குதிரையை இழுக்க முடியவில்லை. மூக்கு மட்டும் வெகுநேரம் மேலே தெரிந்ததாம். அந்தக் குதிரையைப் பினாங்குக்கு விற்றுவிட்டதாகக் குதிரைக் கொட்டகை முதலாளி எல்லோரிடமும் சொல்கிறார்.

மாமாவின் மனைவி காளியம்மா அத்தை நேற்று வந்து, "அந்தத் துணியெல்லாம் அவுத்து எறிங்கண்ணே" என்று அழுதார். அப்பா, "சாமிக்குக் கட்டினத நான் அவுக்க மாட்டேன்லா, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். பிறகு, "என்னைவிடக் குதிரைக்கு மூளை இருக்கு, அது பாத்துக்கும்" என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. வழி தெரியாது என்று சொன்னால் வேலையும் போய்விடும், கொட்டகைக்குப் பின்னால் உள்ள இந்த வீடும் போய்விடும். அதனால் உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நீ வராவிட்டாலும் அப்பா போவார். பீடோரிலிருந்து ஒரு கூட்டம் உங்களுக்கு முன்பே வருகிறது, அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறார்கள். இங்கே மழை விடவே இல்லை. அதற்குள் அப்பாவுக்குத் தந்தி அடி. பேரனுக்குச் சுகமில்லை, உடனே வரவும் என்று மட்டும் அடி. பிள்ளை பெயரில் அப்படிச் சொல்வது பாவம், அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எதற்கும் அப்பா குதிரையை விட்டுவிட்டு வரமாட்டார். வழி காட்ட ஆள் இல்லாமல் முதலாளி யாரையும் அங்கே அனுப்ப முடியாது.

அம்மா உங்கள் மூவருக்கும் மாரியாத்தா துணை என்று சொல்லச் சொன்னார். இந்தத் தாளைக் கிழித்துவிடு. தந்தியைப் பார்த்து அம்மா அலறுவார். அப்பா ரயில் ஏறும்வரை நான் அம்மாவிடம் எதுவும் சொல்லமாட்டேன்.

உன் தங்கை,
நவமணி