நான் எழுதிக் கொடுத்த சீட்டு

சேசு மரி சூசை துணை
கொழும்பு, 2-3-1951

பிரிய அடைக்கலமேரிக்குத் தேவாசீர். நான் சுகம், உன் முழங்கால் வலி தணிந்ததா?

நேற்று ஒரு செல்வர் வீட்டுக்குச் செபம் சொல்லப் போனேன். பாத்திரம் துலக்கும் சிறுமிக்கு வயது பதினெட்டு என்று நம் ஆவூர்க் கோவிலின் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டினார்கள். பெயர் மரிய செல்வி. அம்மையில் இறந்த அந்த மரிய செல்வியை நாம் அடக்கம் செய்தோமே.

"அது செத்துப்போன அக்கா பேருங்க. எனக்குப் பத்துதாங்க. சொல்லிராதீங்க, அடிப்பாங்க" என்று சிறுமி தனியே சொன்னாள்.

சீட்டில் இருப்பது, அங்கே உபதேசியாராக இருந்த என் கையெழுத்து. தகப்பன் கேட்டபோது, மகளின் நினைவுக்கென்று எண்ணி எழுதிக் கொடுத்தேன், தரகனுக்கென்று அறியேன். குழந்தைகளைக் கொன்ற ஏரோதின் சேவகருக்கு வழி காட்டியவன் ஆனேன்.

பாஸ்கா முடிந்ததும் அந்தத் தரகன் நம்மூரிலிருந்து இன்னும் மூன்று பிள்ளைகளை இங்கே வேலைக்கு அழைத்து வருவானாம். உடனே பங்குச் சுவாமியாரிடம் சொல்லித் தடுத்துவிடு. மரிய செல்வியின் மரணப் பதிவுக்கு நகல் வாங்கி அனுப்பு. அதைக் காட்டித்தான் இவளை மீட்க வேண்டும். எனக்கு இருமல் மட்டும் விடவில்லை, கொஞ்சம் சுக்கும் அனுப்பு.

இவளுடைய சொந்தப் பெயர் சூசைமேரி. மெல்ல அழைத்தேன், திரும்பிப் பார்க்க அஞ்சினாள்.

அவசரத்துடன்,
இருதயநாதன்