நோன்பென்று சொன்ன தையற்காரனுக்கு

மச்சான்,

நேற்று சாய்ந்தமருதில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். மண்டபமா அது! நம் காலத்துக் கல்முனைச் சந்தையை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இன்னும் நாலு யானை கட்ட இடமிருக்கும். வாசலில் கால் வைத்ததும் நெய்ச்சோற்று வாசம் என் சட்டைக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனது. போய் உட்கார்ந்தால் ஆளுக்கொரு கதிரை, ஆளுக்கொரு பீங்கான், ஆளுக்கொரு கரண்டி. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும் சஹனைக் காணவில்லை. பக்கத்திலிருந்த கிழடுகள் அதையே பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கரண்டியைக் கையில் வைத்தபடி உன்னை நினைத்தேன். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய், ஒன்பது மாதம். இந்தக் கரண்டி நாற்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முந்தி ஊருக்கு வந்திருந்தால் நீ அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாய். எங்களுக்கும் ஒரு இறைநேசர் இலவசமாகக் கிடைத்திருக்க மாட்டார்.

சூறாவளி அடித்த அடுத்த வருடம், தென்னைகளெல்லாம் தலையில்லாமல் நின்ற காலம். கடைத்தெருவில் நம் தையற்கடை. முன்னறையில் அளவெடுப்பதும் கதைப்பதும் நான், திரைச்சீலைக்குப் பின்னால் வெட்டுவதும் தைப்பதும் நீ. "பொத்துவில் வரைக்கும் நான் அளக்காத இடுப்பில்லை" என்று வாடிக்கைக்காரரிடம் நான் முழங்கும்போது, உள்ளேயிருந்து உன் குரல் வரும்: "பாலமுனைக்கு அங்கால ஒருத்தரும் வந்ததில்ல." என் பொய்களுக்கு நீதான் அளவு நாடா.

உன் கை ஊசிக் காதில் ஒரே தரத்தில் நூல் கோர்க்கும். ஓடுகிற மாட்டு வண்டியின் மேல் நின்றுகூட நீ பொத்தான் துளை வெட்டுவாய் என்று நான் பந்தயம் கட்டியிருப்பேன். அதே கை, நாலு பேர் பார்க்க ஒரு பிளேன்டீக் கிளாஸைத் தூக்கினால் சோசரில் அது தந்தியடிக்கும். கல்யாண அழைப்பு வந்தால் மூன்று நாளுக்கு முன்பே உனக்குப் பயம் தொடங்கிவிடும். போய்வந்த பிறகும் விடாது. யார் பார்த்தார், யார் சிரித்தார் என்று மனதுக்குள் அதே சஹனை இன்னும் மூன்று நாள் விரித்து விரித்துப் பார்ப்பாய்.

அதனால்தான் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தாய். அழைக்க வந்தவரிடம், "நோன்பு" என்றாய். திங்களும் வியாழனும் நபிவழியில் சுன்னத்தான நோன்பு. மற்ற நாளில் விருந்து வந்தால் நேர்ச்சை நோன்பு. ஊர் மூக்கில் விரலை வைத்தது. இந்த வயதில் இப்படியொரு தக்வாவா, இறையச்சமா என்று பள்ளிவாசல் முன்றலில் பேச்சாகி, உனக்கு ஹஸ்ரத் என்று மதகுருவின் பட்டமும் கிடைத்தது. ஒருநாள் ஒரு பெண், காய்ச்சல் பிள்ளையை இடுப்பிலும் தண்ணீர்ப் போத்தலைக் கையிலும் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து, என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"ஹஸ்ரத்திட்ட செல்லுங்க காக்கா, ஓதி ஒரு ஊதல் ஊதித் தரச் செல்லி."

நீ வெட்டும் மேசைக்குக் கீழே போய்விட்டாய். நான் சும்மா இருக்கும் சாதியா? "ஹஸ்ரத் திக்ரில, அல்லாஹ்ட நினைவில இரிக்காரு, இப்ப கதைக்க மாட்டாரு" என்றேன். அவள் பயபக்தியோடு திரும்பிப் போனாள். நீ மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"பொய்யப் பெருப்பிக்காதடா. அது இப்பவே என்ட தலைக்கு மேல போயிட்டு."

அப்போதாவது நான் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் கூச்சம் என்பது நீந்தத் தெரியாத நோய், ஆற்றில் தள்ளிவிட்டால் தானாகப் போய்விடும் என்பது அக்காலத்தில் என் மருத்துவம். வெள்ளிக்கிழமை மட்டும் தனியாக நோன்பு பிடிப்பது மார்க்கத்தில் நல்லதல்ல என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆகவே பள்ளிவாசலில் ஊருக்கே சோறு போடும் ஒரு வெள்ளிக்கிழமைக் கந்தூரியாகப் பார்த்து உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மூலையில் இருத்தினேனா? இல்லை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் இருந்த முதல் சஹனில் இருத்தி, பந்தி முழுவதுக்கும் கேட்க அறிவித்தேன்: "பாருங்க, நம்மட ஹஸ்ரத் இண்டைக்கி வாய் நனைக்கப் போறாரு!"

எல்லாத் தலையும் திரும்பின. நீ ஒரு பிடி எடுத்தாய். கை மேலே வரும் முன்பே சோறு மரைக்கார் இடுப்பில் கட்டியிருந்த புதுச் சாறனில் கொட்டியது. அவர் சிரித்தார், கெட்ட எண்ணமில்லாத சிரிப்புத்தான். உனக்கு அது இடி. எழுந்து பின்வாசலால் போய்விட்டாய், செருப்பைக்கூட எடுக்கவில்லை. அதை நான் கையில் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன். கதவு திறக்கவில்லை. பதினொரு நாள் கடைக்கு நீ வரவில்லை. கண்ணூறு என்றார்கள், ஜின் என்றார்கள், உன் உம்மா கையில் நூல் கட்டிவிட்டார். வாய்க்குள் ஆயிரம் கதை வைத்திருந்தவன் நான். உன் பூட்டிய கதவுக்கு முன்னால் அந்தச் செருப்பை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் வாப்பா, ஊரிலேயே மார்க்கப் பேணுதலான பையன் என்று, என் தங்கைக்கு உன்னைக் கேட்டார். நீ கடைக்கு வந்து, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தே கதைத்தாய்.

"வாப்பாட்ட செல்லிரு மச்சான், வேணாமெண்டு."

"ஏன்டா, என்ட தங்கச்சிக்கு என்ன குறை?"

"அவவுக்கு ஒரு குறையுமில்ல. கலியாணமெண்டா உங்கட ஊட்டுக்குக் குடி வரணும். மூணு நேரமும் உங்கட வாப்பாக்கு முன்னால திங்கணும். எல்லாக் கண்ணும் என்ட கையத்தான் பாக்கும். எனக்கு ஏலாடா."

"விருப்பமில்லாட்டி நேர செல்லு."

"விருப்பம் இரிக்கிறதாலதான் செல்றன். அல்லாஹ்ட பேரால பொய் செல்லி நான் பொஞ்சாதி எடுக்கமாட்டன்."

இதை நான் வாப்பாவிடம் கொண்டுபோகவில்லை, சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினேன்.

காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா ஒருவரிடம் யாருடைய கதையோ போல இதைச் சொன்னேன். இது வருத்தம்தான், ஒரு நோய்தான், மட்டக்களப்பில் இதற்கென்று ஒரு டொக்டர் இருக்கிறார் என்றார். துணி வாங்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். பைத்தியத்துக்கு மருந்தெடுக்கப் போகிறவன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்று வழி நெடுக நீ தலையைக் குனிந்தபடியே வந்தாய்.

மெலிந்த, மெதுவாகக் கதைக்கும் மனிதர் அந்த டொக்டர்.

"தனிய இருக்கேக்க கை நடுங்குமோ?"

"இல்ல டொக்டர்."

"தைக்கேக்க?"

"ஒரு நாளும் இல்ல."

"அப்ப வருத்தம் கையில இல்லத் தம்பி. மற்ற ஆக்கள் பாத்து ஏதும் நினைப்பாங்கள் எண்ட பயத்தில இருக்கு. இது பேயுமில்ல, உங்கட ஈமானில, நம்பிக்கையில குறையுமில்ல. கன பேருக்கு இருக்கு, வெளியில சொல்றதில்ல. குணப்படுத்தலாம்."

நீ அழுதாய். கேலி செய்யாமல், ஓதாமல், ஒருவர் அதற்கு வருத்தம் என்று பேர் வைத்ததே உனக்குப் போதுமாக இருந்தது.

அவர் சொன்னதை நீ சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாய்: "பயம் வெள்ளம் மாதிரி ஏறும். ஏறினா வத்தும். நீங்க எப்பவும் வத்துறதுக்கு முந்தி எழும்பி ஓடியிருக்கிறீங்க." கையைப் பார்க்காதே, பக்கத்திலிருப்பவர் என்ன செய்கிறார் என்று பார் என்றார். பயமானவற்றைச் சின்னதிலிருந்து பெரியதுவரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, கீழ்ப் படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறச் சொன்னார். மருந்து வேண்டுமென்றால் பிறகு பார்ப்போம் என்றார். கந்தூரிக் கதையையும் நீ சொல்லியிருந்தாய்; கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, "இவரைப் பந்தியில கொண்டுபோய் இருத்தின ஆள் நீங்கதானே? இனி இழுக்க வேண்டாம்" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறிய, மிகக் கனத்த தண்டனை அது.

முதற்படி, திரைச்சீலைக்குப் பின்னால் எனக்கு முன்னால் மட்டும் பிளேன்டீ. இரண்டாவது, தேநீர்க்கடையில் தெருவுக்கு முதுகைக் காட்டி. மூன்றாவது, தெருவைப் பார்த்து. ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம், சிலதில் மூன்று வாரம். ஐந்தாவது படியைப் பார்த்து நான் அசந்துபோனேன்: வேண்டுமென்றே தேநீரைச் சிந்தி, யார் பார்க்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.

சிந்தினாய். மேசையெல்லாம் ஓடியது. கடைக்காரக் காக்கா ஒரு பழந்துணியைத் தூக்கிப் போட்டு, "சூடு கூடிட்டா தம்பி?" என்றுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் காணாமல் போன எருமையைப் பேச்சிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

"ஒரு மனிசனும் பாக்கல்லையேடா!" என்று எனக்கு ஆத்திரம். "இவ்வளவு ஊத்தியும் ஒருத்தனும் பாக்காட்டி, நானெண்டா வெக்கத்தில செத்திருப்பன்!"

நீ சிரித்தாய். திரைச்சீலைக்கு வெளியே நீ சிரித்து நான் பார்த்த முதல் தடவை. அன்றுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நீயும் நானும் ஒரே தொழில்காரர் மச்சான். ரெண்டு கண்ணை ரெண்டாயிரமாகப் பெருப்பிப்பது நம் இருவருக்கும் வழக்கம். நான் அதை ஊருக்கு விற்றேன். நீ உள்ளே விழுங்கினாய்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை நீ கிளாஸைத் தூக்கும்போது தெருவால் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன ஹஸ்ரத், இண்டைக்கி நோன்பில்லையா?" என்றார். நீ எழுந்து வாசல் வரை போய்விட்டாய். நான் இழுக்கவில்லை. என் கையை என் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். நீ நின்றாய். திரும்பி வந்து, முகமெல்லாம் வியர்க்க அவரைப் பார்த்துச் சொன்னாய்: "இல்ல காக்கா. கன நாளாவே இல்ல." பிறகு அந்தத் தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகும் வரைக்கும் அங்கேயே இருந்தாய்.

அடுத்த நாள் வாப்பாவிடமும் நீயே போனாய். முழுவதையும் கேட்டுவிட்டு வாப்பா தாடியைத் தடவியபடி ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"அப்ப அந்தத் திங்களும் வியாழனும் பட்டினி கிடக்கல்லையா?"

"இல்ல மாமா. பின்னறையில பாணும் சம்பலும் திண்டன்."

வாப்பா சிரித்த சிரிப்பில் கூரை ஓடு நாலு கழன்றது. "அல்ஹம்துலில்லாஹ்! வாரத்தில ரெண்டு நாள் பட்டினி கிடக்கிற மருமகனை எப்பிடி வச்சிப் பாக்கிறதெண்டு நான் யோசிச்சிக்கிட்டுக் கிடந்தன்!" உள்ளேயிருந்து தங்கை உம்மா வழியாகப் பதில் அனுப்பினாள்: "கை நடுங்கினா நடுங்கட்டும். நான் மட்டும் கொட்டாமலா திங்கிறன்?"

கல்யாணத்தன்று சஹன் வந்தது. நீ, வாப்பா, நான், அதே மரைக்கார், உன் பக்கத்து ஆட்கள் இருவர். கை கழுவி முடிந்தது. ஒருவரும் தொடவில்லை, மாப்பிள்ளைதான் முதலில் கை வைக்க வேண்டும். உன் நெற்றியில் வியர்வை. தலையைத் தூக்கி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாய்.

"என்ட கை நடுங்கும். கொஞ்சம் பொறுங்க."

மரைக்கார் மடியைத் தட்டிக் காட்டினார். "நான் இண்டைக்கி பழஞ்சாறன்தான் உடுத்து வந்த. ஆறுதலா நடுங்குங்க மாப்பிள."

நடுங்கியது. முதல் பிடியில் பாதி விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. நீ எழும்பவில்லை. கடைசி இனிப்பாக வட்டிலாப்பம் வந்த நேரம் நான் பார்த்தேன், உன் கை தட்டின் விளிம்பில் சும்மா கிடந்தது, வேலை முடிந்த கை மாதிரி.

அது முழுவதும் போய்விட்டது என்று உன் பிள்ளைகளுக்கு நான் கதை கட்டுவேன். நீ திருத்துவாய்: "போகல்ல. நானும் போகாம இருந்தன்." அதன் பிறகு எந்த வீட்டுச் சஹனையும் நீ தட்டிக்கழித்ததில்லை.

ஒன்பது மாதத்துக்கு முன், உன்னை அடக்கிய நாளில், உன் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், இறந்தவர் பிழைகளைப் பொறுக்கச் சொல்லும் வழக்கப்படி உனக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்க ஒருவர் எழும்ப வேண்டியிருந்தது. உன் மகன் அழுதுகொண்டிருந்தான், என்னை எழுப்பி நிறுத்தினார்கள். அம்பாறைக் கரைக்கே கதை அளக்கும் வாய் நான். அந்த வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. ஸஃப்பு ஸஃப்பாக, வரிசை வரிசையாக எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஓடிவிடத்தான் நினைத்தேன் மச்சான். பிறகு உன் சொல்லை எடுத்தேன்.

"என்ட கால் நடுங்குது. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று நான் சொல்லமாட்டேன். பயம் வற்றும் வரைக்கும் நின்றேன். பிறகு உனக்காகக் கேட்டேன்.