செம்பரல்காட்டுப் புல் சாகவில்லை என்று அறிவிக்கும் ஓலை

கதிரும் நிலவும் காவல் நிற்க, கொற்றவை செவிசாய்க்க, கிழக்கு நோக்கி நின்று எழுத்தாணியை நாவில் தொட்டுச் சத்தியம்: இவ்வோலையில் ஓர் எழுத்தும் பொய்யன்று.

மும்மலையும் முந்நூறு குதிரையும் உடைய, பகைவர் முதுகன்றி முகம் அறியாத பெருமகனார் நன்மாவேள் திருமுன்பு, செம்பரல்காட்டு மேய்ச்சற் காவலன் கோடன், அகவை எழுபத்தொன்பது, பல் நான்கு, பணிந்து விடுக்கும் ஓலை. அரண்மனை நலமே ஆகுக. குதிரை லாயம் நலமே ஆகுக. அமைச்சர் வயலூர்கிழார்க்கும், வேறு வழியின்மையால், நலமே ஆகுக.

தாங்கள் விடுத்த கட்டளை வந்து சேர்ந்தது. செம்பரல்காட்டுப் புல் செத்ததென்று அமைச்சர் உரைத்தமையால், வரும் முழுநிலவுக்குள் நூறு ஏர் பூட்டி அதனை உழுது, அவர்தம் ஊர் வாய்க்கால் கரையின் பசும்புல்லைக் கொணர்ந்து நடுக என்றும், மறுப்பவன் தலை அவன் தோளில் இராது என்றும் அதில் கண்டது. கோடன் மறுக்கிறான். தலையைப் பற்றி அவனுக்குப் பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை. பல் போன பிறகு அது பாதித் தலைதான். ஆனால் உழுதால் வேர் அறும். வேர் அறுந்தபின் எந்த மழைக்கும் எழுந்து வர அங்கே ஒன்றும் இராது. நாட்டின் குதிரையும் மாடும் மண்ணைத்தான் நக்க வேண்டும். அதுவே அவன் வழக்கு.

பன்னிரண்டு ஆண்டின் முன் வந்த பஞ்சத்தில் கோடன் ஒன்று கண்டான். கடைசி நாள் வரை பச்சை காட்டி மினுக்கிய புல்லெல்லாம் வேரோடு மாண்டது. முதல் அனற்காற்றிலேயே பழுத்துச் சுருண்டு, பார்த்தவர் உச்சுக்கொட்டும்படி கிடந்த புல்லோ, உயிரை அடித்தண்டில் மடித்து வைத்துக்கொண்டு உறங்கியது. அதன் விதையை விதைத்தான், பிள்ளைகளும் அப்படியே உறங்கின, பேரப்பிள்ளைகளும் உறங்கின. உறக்கம் குலத்தில் வருவது என்று தெளிந்து, எந்தப் புல்தூர் எந்தத் தூரின் பிள்ளை என வம்சாவளி எழுதத் தொடங்கினான். பெருமகனாரின் வம்சாவளியைவிட அது இரண்டு கட்டு நீளம். இடையில் ஐயப்பாடும் இல்லை.

ஆயினும் அந்த உறங்கிக் குலத்துக்கு ஒரு குறை: மழை பெய்து பத்து நாள் ஆன பின்னரே சோம்பல் முறிக்கும். சாவாமல் கிடப்பது வேறு, எழுந்து நிற்பது வேறு. மேட்டுச்சரிவில் இன்னொரு குலம் இருந்தது. தூறல் பட்ட மூன்றாம் நாளே முழங்கால் தொடும், வறட்சி நீண்டால் மாண்டுபோகும். கோடன் இரண்டுக்கும் மணம் முடித்தான். நாள் பார்த்து, மேளம் கொட்டி, இரு கதிர்களையும் ஒரே துணிப்பையில் சேர்த்துக் கட்டினான். சம்பந்திச் சண்டைகூட நடந்தது. பிறந்த நாலாயிரத்தில் பெரும்பாலானவற்றுக்குத் தாயின் சோம்பலும் தந்தையின் சாவும் வாய்த்தன. பதினேழு மட்டும் தாயைப் போல் உறங்கித் தந்தையைப் போல் எழுந்தன. அப்பதினேழின் வழித்தோன்றல்களே இன்று செம்பரல்காடு முழுதும் கிடப்பவை.

சென்ற திங்கள் அமைச்சர் பல்லக்கில் வந்தார். நெல்லன்றி வேறு பயிர் அறியாதவர். மஞ்சளானது அறுவடைக்கு, பழுப்பானது சாவுக்கு என்பதே அவர் கற்ற நூல். ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். தாள் கையோடு வந்தது. செத்துப்போயிற்று என்று தீர்ப்புரைத்தார். மேய்ச்சல் நிலம் மாண்டால், பெண்கள் மும்முறை மாரடித்து அழுத பின்னரே அதில் ஏர் இறங்கலாம் என்பது நம் நாட்டு வழக்கு. ஆதலின் ஆடு மேய்க்கும் இடைச்சி வேம்பியை அழச் சொன்னார். அவளோ இடுப்பில் கைவைத்து, "தூங்குறவனைப் பாடையில கட்டச் சொல்றீங்களே சாமி! முழிச்சான்னா முதல்ல உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்" என்றாள். நீயாவது அழு என்று அமைச்சர் கோடனைப் பணித்தார். அழுகைக்குத் தண்ணீர் வேண்டும், காட்டில் இல்லாதது அது ஒன்றுதான் என்று கோடன் பணிவோடு விடை பகர்ந்தான்.

அவ்வேளையில், சிட்டுக்குருவி குளித்துச் சிறகு உதறினாற்போல் ஒரு சிறுமழை பெய்தது. பொழுது சாயுமுன் பழுப்பின் நடுவே பச்சை முனை தெரிந்தது. மறுநாள் கணுக்கால். மூன்றாம் நாள் இடுப்பு. ஐந்தாம் நாள், உண்டபின் பல்லக்கில் கண்ணயர்ந்த அமைச்சர் விழித்தபோது பனைமர உயரத்தில் இருந்தார். புல் பல்லக்கோடு அவரைத் தூக்கிப் பிடித்திருந்தது. கோடன்தான் ஏணி வைத்து இறக்கினான். நன்றி ஏதும் சொல்லப்படவில்லை. முந்நூறு குதிரையும் வந்து மேய்ந்தன; காலையில் தின்ற இடம் மாலையில் மூடிக்கொண்டது. ஒரு குதிரை உள்ளே தொலைந்து, குட்டியோடு திரும்பியது.

ஆதலால், கோடன் பணிந்து இடும் கட்டளை: ஏர்கள் கொட்டிலுக்குத் திரும்புக. வாய்க்கால் புல் வாய்க்காலிலேயே வாழ்க. மீறி வருமாயின், காட்டின் வாயிலில் கோடன் குறுக்கே படுத்திருப்பான். முதல் ஏர்க்கொழு அவன் நெஞ்சில் இறங்கட்டும். இரண்டாம் ஓலை வருமாயின் வேம்பியின் ஆடுகளுக்குப் போடப்படும். இந்நாளில் அவை ஓலையையும் மறுப்பதில்லை.

அரசமுத்திரை கோடனிடம் இல்லாமையால், மாட்டுக்குச் சூடு போடும் இரும்பைக் காய்ச்சாமல் பதித்து விடுத்தது. கண்டு, கேட்டு, அவ்வண்ணமே ஒழுகுக.

ஓலையில் கோடன் எழுதாதது ஒன்று: செம்பரல்காட்டில் மழை பெய்து மூன்று ஆண்டு ஆகிறது.