சொல்லிக்கொண்டே எழுதச் சொன்னார்கள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த இரண்டு அறை வீட்டில் நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் தங்கை காதில் விழும்.

அவளுடைய இன்டர்வியூ என்ன ஆச்சு என்று நீ கூப்பிடும்போதெல்லாம் கேட்கிறாய், நானும் 'இன்னும் தெரியலைப்பா' என்று மழுப்பிக்கொண்டே வந்தேன். தெரிந்துவிட்டது. கிடைக்கவில்லை. அந்தக் கம்பெனி வைத்த எழுத்துத் தேர்வில் அவள் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தது உனக்குத் தெரியும். அடுத்த சுற்று வீட்டிலிருந்தே, லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேச வேண்டும். அன்றைக்கு வீடே பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்பா பஸ் டிப்போவுக்கு லீவு போட்டார், மேல்வீட்டுத் தையல்காரம்மா நான் போய்ச் சொன்னதும் மிஷினை நிறுத்திவைத்தார், நான் குக்கர்கூட வைக்கவில்லை. அவள் உன் பழைய மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, துணிக்கொடி தெரியாமல் பின்னால் ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே நானும் அப்பாவும் மூச்சு விடாமல் நின்றோம். பேர், படிப்பு எல்லாம் கொஞ்சம் திக்கித்தான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டாள். பிறகு கணக்கு மாதிரி ஏதோ கொடுத்து ப்ரோக்ராம் எழுதச் சொன்னார்கள். கீபோர்டு சடசடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது, எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் இன்டர்வியூ எடுத்த அந்த மனுஷன், 'சும்மா எழுதாதீங்கம்மா, என்ன யோசிக்கிறீங்கன்னு சொல்லிக்கிட்டே எழுதுங்க' என்றார். கோபமாக இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். அவ்வளவுதான், கீபோர்டு சத்தம் நின்றுபோயிற்று. உனக்குத் தெரியாதா, முதல் எழுத்து அடைத்துக்கொண்டால் அவளுக்கு உதடு மட்டும் நடுங்கும், சத்தம் வராது. 'ஹலோ, உங்க மைக் வேலை செய்யுதா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே' என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நெட்தான் போய்விட்டது என்று நினைத்து அப்பா ஓடிப்போய் மோடத்தை அணைத்துப் போட்டார். பாவம், நெட்காரர் அப்படித்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். லைன் திரும்ப வருவதற்குள் அந்த மனுஷன் முடித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு நேரம் கேட்டு அவள் மெயில் அனுப்பினாள். வேறு ஒருவரை எடுத்துவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. அப்பா அவள் எதிரில் உட்கார்ந்து 'நான்தாம்மா கெடுத்துட்டேன்' என்று அழுதுவிட்டார். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா, 'நீங்க அணைச்சதுதாம்ப்பா நல்லது, இல்லைன்னா அவர் இன்னும் கேட்டுக்கிட்டே இருந்திருப்பார்' என்றாள். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு என்று நான் எழுத மாட்டேன். நம்மிடம் பேசும்போது இப்படி ஆனதே இல்லையே, பெரியவனே. இப்போது வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டாள், தண்ணீர் வேண்டுமா என்றால்கூடத் தலையைத்தான் ஆட்டுகிறாள். தையல்காரம்மா படியில் பார்க்கும்போதெல்லாம் 'வேலை கிடைச்சுதா கண்ணு' என்கிறார். நல்ல மனசோடுதான் கேட்கிறார், மிஷினை நிறுத்திவைத்தவருக்குக் கேட்க உரிமை இல்லையா. ஆனால் இவள் படியில் காலடிச் சத்தம் அடங்கின பிறகுதான் வெளியே போகிறாள். அடுத்து ஒரு கம்பெனி கல்லூரிக்கு வருகிறதாம், அதற்கான பட்டியலிலிருந்து தன் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாள். அங்கே வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொள்ளும் மேடம், 'திக்கும்னு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா, கொஞ்சம் பொறுத்திருப்பாங்க' என்றாராம். 'அதைச் சொல்லவும் வாய் வரணுமேம்மா' என்று என்னிடம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்க்காமல் இருந்ததே நல்லது. ராப்பகலாய்ப் படித்த பிள்ளை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. தைரியம் சொல்லலாம் என்று பக்கத்தில் போகிறேன், போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். அப்பா டிப்போவிலிருந்து வந்தால் கிரீஸ் பட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லையப்பா.

உன் ஆபீஸில் சொல்லிப் பார்க்கிறேன் என்று அவசரப்பட்டு அவளிடம் சொல்லிவிடாதே, இப்போது அது ஆறுதலாக இருக்காது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எங்கள் இருவருடைய ஆசியும் எந்நேரமும் உன் தலைமேல் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை என் போனுக்கு வேண்டாம், அவள் போனுக்கே கூப்பிடு. எடுப்பாளா என்று எனக்குத் தெரியாது. எடுத்து, 'அ' என்று நின்றுவிட்டால், பாசத்தில் 'அண்ணாதாண்டா' என்று நீயே முடித்துக் கொடுத்துவிடாதே. எவ்வளவு நேரமானாலும் சும்மா காதில் வைத்துக்கொண்டு இரு. ஒன்றும் சொல்லாமலே வைத்துவிட்டால், மறுநாளும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா