மில் யார் பேரில் இருக்கிறது

12 மார்ச் 2025, புதன்

மிளகாய் அரைத்து அரைத்துத் தும்மல் இன்னும் நிற்கவில்லை. கடலாடிப் பக்கம் ஒரு அம்மாவின் மாவு மில் கரண்ட் கோளாறில் எரிந்துபோனதாம். இன்சூரன்ஸ் இல்லையாம். நானும்தான் போடவில்லை. பதினோரு வருசமாக இந்த மில்லை ஓட்டுகிறேன் — ஏன் தோன்றவே இல்லை?

13 மார்ச்

பக்கத்துத் தையல்கடைப் பாண்டியம்மாள் அக்காவிடம் கேட்டேன். "ஆட்டுக்குப் போட்டிருக்கேன்டி. தையல் மெசினுக்குமா போடுவாக?" என்றார். எங்கள் சிக்கல் ஊர்க் கடைத்தெருவில் பெண்கள் நடத்துவது ஆறு கடை. ஒருத்திகூடப் போடவில்லை. வண்டிக்கு மட்டும் எல்லாரும் போட்டிருக்கிறோம், போலீஸ் பிடிக்கும் என்று.

17 மார்ச்

ஏஜென்ட் காஜா நவாஸ் வந்தார். ஊரார் அரைக்கக் கொடுத்த மிளகாய் எரிந்தால் அதற்கும் பணம் வருமா என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா" என்று ஆபீசுக்குப் போன் போட்டார். தனியாக எழுதிச் சேர்த்தால் வருமாம்! அப்புறம் மில் லைசென்ஸைப் பார்த்தார். "இது மலையாண்டி அண்ணன் பேருல இருக்கு. பாலிசியும் அவுக பேருலதான் வரும்."

லைசென்ஸ் எடுத்தபோது மகள் கவிப்ரியா வயிற்றில் இருந்தாள். என்னால் அலைய முடியவில்லை, வீட்டுக்காரர் போய்க் கையெழுத்துப் போட்டார். அதையேதான் புதுப்பித்து வருகிறோம். அவர் வயல்வேலை முடித்து, சாயங்காலம் வந்து மூட்டை தூக்கிக் கொடுப்பதோடு சரி.

18 மார்ச்

லைசென்ஸை என் பேருக்கு மாற்றலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஏன், நான் ஓடிப்போயிருவேன்னு நெனைக்கியா?" என்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். நான் என்ன சந்தேகமா படுறேன்? என் பேரு ஏன் எங்கனயுமே இல்லைன்னு தெரிஞ்சுக்கிடணும், அம்புட்டுத்தான்.

20 மார்ச்

சாயங்காலம் மூட்டை தூக்க அவர் வரவில்லை.

22 மார்ச்

எனக்குக் காய்ச்சல். அவரே போய் மில்லைத் திறந்தார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். "வந்தவுக எல்லாம் 'சுதா இல்லையா, பெறகு வாரோம்'னு போயிட்டாக" என்றார். நாலு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

25 மார்ச்

காலையில் அவரே, "கெளம்பு, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவோம்" என்றார். பேர் மாறியதும் பாலிசி போட்டுவிடலாம் என்று காஜா நவாஸ் சொல்லியிருக்கிறார். பாண்டியம்மாள் அக்காவும் தனக்கு ஒரு பாலிசி ஃபாரம் கேட்டிருக்கிறார்.

மாற்றிக் கொடுப்பவர் என்ன தொழில் என்று எழுதவேண்டுமாம். கிளார்க் கேட்டதற்கு, "சுதா மில்லுல வேலை பாக்குறேன்" என்றார் இவர். கிளார்க் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.